பால் எஞ்சினைப் பற்றிக் கேட்ட கேள்விகள்

மலாயாவுக்கு மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்த வருடம், கொடி ஏற்றுவதற்கு மூன்று வாரம் முன்னால், என் கணவர் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். முதலில் காய்ச்சல், பிறகு மஞ்சள் காமாலை. ஆறாம் நாள் விடிகிற நேரத்தில் முடிந்துவிட்டது. அவருக்கு முப்பத்தொரு வயது, எனக்கு இருபத்தைந்து. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் வேலைக்குப் போனேன். மூவாரில் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸராக இருந்த அப்பா, பெட்டியைக் கட்டிக்கொண்டு தன்னோடு வரச் சொன்னார். "கொஞ்ச நாள் போகட்டும்பா" என்றேன். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பெட்டி கட்டுவதற்குக் கை எழவில்லை, அவ்வளவுதான். டைப் அடிப்பதற்கு மட்டும் கை எழுந்தது. தெருவெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அதற்குக் கீழே நடந்து போனேன், நடந்து வந்தேன்.

ஆற்றோரத்தில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். உள்ளே தள்ளியிருந்த சில ரப்பர் தோட்டங்களின் கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் கவனிக்கிற டவுன் ஆபீஸ் அது. நான் அங்கே டைப்பிஸ்ட். என் கணவர் அந்தத் தோட்டங்களில் ஒன்றில் எஞ்சின் டிரைவர். ரயில்வேயில் ஓடுகிற பெரிய எஞ்சின் இல்லை. தோட்டத்துக்குள்ளே இரண்டடி அகலத்தில் போட்ட தண்டவாளத்தில், மரத்திலிருந்து இறக்கிய ரப்பர் பாலைத் தொட்டி வண்டிகளில் இழுத்துக்கொண்டு ஆலைக்குப் போகிற சின்ன டீசல் எஞ்சின். தோட்டத்தில் எல்லோரும் அதைப் பால் எஞ்சின் என்பார்கள். எனக்கு டவுனில் வேலை என்பதால் அவர் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டை விட்டுவிட்டு, காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்து, தினமும் எட்டு மைல் சைக்கிளில் போய்வந்தார். அதைப் பற்றி அவர் சொந்தக்காரர்கள் பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடிதம் அக்டோபரில் வந்தது. தபாலைப் பிரிப்பது என் வேலை. இங்கிலாந்திலிருந்து, அந்த எஞ்சினைச் செய்த தொழிற்சாலைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். தங்கள் பழைய எஞ்சின்களைத் தேடிச் சேர்த்து ஓர் அருங்காட்சியகம் அமைக்கிறார்களாம். நம் தோட்டத்துக்கு ஜப்பான் சண்டைக்கு முன்னால் அனுப்பிய எஞ்சின், அவர்கள் முதன்முதலில் டீசலில் செய்து பார்த்த வகையாம். மொத்தமே சிலதான் செய்தார்கள், மற்றதெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டது, உங்களுடையது இன்னும் இருந்தால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்புகிறோம் என்று எழுதியிருந்தது. கூடவே இரண்டு தாளில் கேள்விகள்.

பாதி படித்திருப்பேன். ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி பக்கத்தில் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது தாண்டியவர், ஆபீசில் குரலை உயர்த்தியதே கிடையாது.

"பிள்ளை, அதை இஞ்ச தாங்கோ. நான் பாக்கிறன்."

"பரவாயில்லை ஐயா. படிச்சிட்டேன்."

அவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மானேஜராக இருந்த வெள்ளைக்காரத் துரையின் அறைக்குள் போனார். கதவு திறந்துதான் இருந்தது. துரை சொன்னது எனக்கும் கேட்டது. இந்த வருடம் டிராக்டர் வாங்கிவிட்டோம், எஞ்சின் கொட்டகையில் சும்மா கிடக்கிறது, வாங்க ஆள் இருந்தால் நல்லதுதான், ஆனால் இத்தனை கேள்விக்குப் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள், தெரிந்தவன் ஒருத்தன்தானே, என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். நான் மெஷினில் புதுத் தாளைச் சொருகினேன்.

சாயங்காலம் பெரிய கிராணியிடம் போய், அந்தக் கேள்வித் தாளை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. அவர், "கொண்டு போங்கோ. ஆனா கட்டாயம் இல்லை" என்றார். தாளை ஒரு உறைக்குள் போட்டுக் கொடுத்தார்.

என் கணவர் சாப்பிடும்போது பேசுகிறவர். பேச்சு முழுக்க அந்த எஞ்சினைப் பற்றித்தான். இன்றைக்குக் காலையில் கிளம்பவே மாட்டேன் என்று அடம் பிடித்தது, செயின் தளர்ந்துவிட்டது, மழையில் தண்டவாளம் வழுக்கி மணல் போட்டு ஏற்றினேன், இப்படி. நான் சோற்றைப் போட்டுக்கொண்டு "ம்" என்பேன். நான் கேட்கவில்லை என்று அவருக்கும் தெரியும். என் மனசு ரசத்திலோ மறுநாள் கட்டுகிற சேலையிலோ இருக்கும். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சொல்ல வேண்டும், சொல்லிவிடுவார்.

அன்றைக்கு விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் கேள்வியைப் படித்தேன். பதில் எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவதும் தெரிந்திருந்தது.

ஆரம்பத்தில் என்ன நிறம் பூசியிருந்தது என்று கேட்டிருந்தார்கள். ஒரு தீபாவளிக்கு முன்னால் அவர் நகத்தில் பச்சையோடு வந்து நின்றது ஞாபகம் வந்தது. எஞ்சின்மேல் மஞ்சள் பெயிண்டைச் சுரண்டினால் அடியில் சாம்பல், அதையும் சுரண்டினால் பச்சை, வாழை இலையின் முதுகு மாதிரிப் பச்சை என்றார். துணி சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், போகவில்லை.

எஞ்சினைக் கிளப்ப நாங்கள் கொடுத்த காகிதத் திரிகள் சண்டைக்குப் பிறகு கிடைக்காதே, எப்படிச் சமாளித்தீர்கள் என்று இன்னொரு கேள்வி. அதற்குப் பதில் எங்கள் வீட்டுத் துணிக்கொடியிலேயே காய்ந்தது. எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் ஒரு காகிதத் திரியைப் புகைய வைத்து உள்ளே சொருகிவிட்டுத்தான் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். அவர் பழைய தமிழ்ப் பத்திரிகையைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, வெடியுப்புத் தண்ணீரில் நனைத்து, என் சேலைகளுக்கு நடுவே கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்து மலாயில் கேட்டாள், உன் புருஷன் பத்திரிகையைத் துவைத்துத்தான் படிப்பாரா என்று. மலாக்காச் செட்டிகள் தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிறவர்கள், அவளுக்குத் தமிழில் நாலைந்து வார்த்தைதான் வரும். அவர் சிரித்துக்கொண்டே மலாயிலேயே முழுவதையும் விளக்கினார்.

ஜப்பான்காரன் காலத்தில் எஞ்சின் எப்படித் தப்பியது என்பதும் தெரிந்திருந்தது. டாம்பினுக்குப் போகிற பெரிய ரயில் பாதையையே அவர்கள் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அப்போது இருந்த பழைய டிரைவர், எண்ணெய் பம்பைக் கழற்றி ரப்பர் ஷீட்டில் சுற்றி மரத்திலேயே உறைந்து நாறுகிற ஒட்டுப்பால் குவியலுக்குள் புதைத்துவிட்டு, எஞ்சின் செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டாராம். அந்த நாற்றத்துக்குள் யாரும் கை விடவில்லை. பழைய டிரைவர் என் கணவரிடம் சொன்னது இது. அவர் என்னிடம் மூன்று தடவையாவது சொல்லியிருப்பார்.

இத்தனையும் என்னிடம் இருந்தது. அவருக்குப் பிடித்த கறி எது என்று அந்தச் செட்டி அம்மாள் காரியத்துக்கு முன்னால் கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை. செத்தவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைப்பது அவர்கள் வழக்கம், தான் சமைத்துத் தருவதாகச் சொன்னாள். எதைப் போட்டாலும் சாப்பிடுவார் என்றேன். அவள் கோழி சமைத்துக் கொண்டுவந்தாள்.

மறுநாள் பதில்களை டைப் அடித்தேன். ஒரு பிழை இல்லை. பெரிய கிராணி நகல் தாளை எடுத்து வரி வரியாகப் பார்த்தார். இரண்டு பதில்தான் பாக்கி. ஒன்று, எஞ்சினின் எண். அந்த எண் இருந்தால்தான் இது தாங்கள் தேடுகிற எஞ்சினா என்று உறுதியாகும் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்கள்.

"தோட்டத்துக்குச் சொல்லி அனுப்பினால் பார்த்துச் சொல்லுவினம்" என்றார் பெரிய கிராணி.

"நான் போய்ப் பாத்துட்டு வரேன் ஐயா."

சனிக்கிழமை மதியம் தோட்டத்து லாரி சாமான் ஏற்ற டவுனுக்கு வந்திருந்தது. அதில் ஏறிப் போனேன். மூன்று வருடத்தில் நான் அந்தத் தோட்டத்துக்குப் போனது இரண்டு முறை. இரண்டு முறையும் கல்யாண வீடு. எஞ்சினைப் பார்த்ததில்லை.

கொட்டகையில் என் கணவரோடு வேலை செய்தவர் காத்திருந்தார். முன்னே வண்டிகளைக் கோத்துவிடுகிற வேலை, இப்போது டிராக்டர் ஓட்டுகிறார். குள்ளமான, தடித்த ஆள், நாலு பிள்ளைக்குத் தகப்பன்.

"வாங்க அண்ணி. பாத்து வாங்க, எண்ணெய் கொட்டிக் கெடக்கு."

எஞ்சின் என் தோள் உயரம்கூட இல்லை. நான் பெரிதாக நினைத்து வைத்திருந்தேன். பேச்சில் அது அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. நேரில் பார்த்தால் ஒரு இரும்பு அலமாரியைக் கவிழ்த்துச் சக்கரம் வைத்த மாதிரி. அதன் மூடிமேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. அவர் அதை விரட்டினார்.

முன்னால் பித்தளைத் தகடு இருந்தது. ஆனால் அதில் எழுத்தே இல்லை. ஒரு பூவிதழ் மாதிரி வழவழவென்று இருந்தது.

"வருசா வருசம் ஆயுத பூசைக்குச் சாம்பல் போட்டுத் தேய்ப்போம் அண்ணி. அப்புறம் சந்தனம், குங்குமம். அண்ணனுக்கு முந்தி இருந்தவரும் அப்படித்தான். தேய்ச்சுத் தேய்ச்சு ஒண்ணுமில்லாம போச்சு."

அவர் குற்றவாளி மாதிரி நின்றார். நான் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். அப்போது, எப்போதோ சாப்பிடும்போது என் கணவர் சொல்லிக் கேட்ட ஒன்று ஞாபகம் வந்தது. மேலே நம்பர் போனாலும் வயிற்றுக்குள் ஒன்று இருக்கிறது, கியர் பெட்டி மூடியைக் கழற்றினால் இடது பக்கம் சட்டத்தில் குத்தியிருக்கிறான்.

"கியர் பெட்டி மூடியக் கழட்ட முடியுமா? உள்ள இடது பக்கம் இருக்குன்னு சொல்லியிருக்காரு."

அவர் என்னைப் பார்த்தார். ஸ்பேனரை எடுத்துவந்து நாலு போல்டைக் கழற்றினார். ஒன்று துருப்பிடித்து வரவில்லை, சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. பிறகு துணியால் கிரீசைத் துடைத்துத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். "இருக்கு அண்ணி. ஆனா படிக்க முடியல."

நான் நகல் எடுக்கிற மெல்லிய தாளும் பென்சிலும் கைப்பையில் கொண்டுவந்திருந்தேன். கையை உள்ளே விட்டுத் தாளை இரும்பின் மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தேன். ஒவ்வொரு எண்ணாக மேலே வந்தது. மொத்தம் ஐந்து எண். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் அவர் முடிக்கும் வரை காத்திருந்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். என் கையிலிருந்த கிரீசை எதில் துடைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முன்னால் டிரைவர் உட்காரும் இடத்தைப் பார்த்தேன். நான் நினைத்த மாதிரி முன்னே பார்த்த இருக்கை இல்லை. பக்கவாட்டில் ஒரு இரும்புப் பலகை, அவ்வளவுதான். பக்கவாட்டில் உட்கார்ந்து, கழுத்தை மட்டும் திருப்பிப் பாதையைப் பார்க்க வேண்டும். வீட்டில் அவர் எப்போதும் சுவருக்கு ஒரு தோளைக் கொடுத்து, வாசலைப் பார்த்து ஒருச்சாய்த்துத்தான் உட்கார்ந்து சாப்பிடுவார். நேராக உட்காருங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். காரணம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

பலகையின் மேல் ஒரு ரப்பர்த் துண்டு. புகை போட்ட ஷீட்டை நாலாக மடித்து ஓரம் வெட்டிப் போட்டிருந்தது. நடுவில் பள்ளம் விழுந்திருந்தது.

"அண்ணன் வெட்டிப் போட்டது" என்றார் அவர்.

"சரி" என்றேன். லாரி ஹார்ன் அடித்தது.

பாக்கியிருந்த இன்னொரு கேள்வி, இந்த எஞ்சினை யார் யார், எப்போதிலிருந்து எப்போது வரை ஓட்டினார்கள் என்பது. திங்கட்கிழமை அதை அடித்தேன். முதலில் பழைய டிரைவரின் பெயர், அவர் வேலைக்குச் சேர்ந்த தேதி, விலகிய தேதி. அதற்குக் கீழே என் கணவர் பெயர். சேர்ந்த தேதி ஆபீஸ் ரெஜிஸ்டரில் இருந்தது. கோடு போட்டு அடுத்த தேதியை அடித்தேன். அவர் இறந்த தேதியை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. பத்திரத்திலெல்லாம் அப்பாதான் எழுதினார். தேதி மேல் வரிக்குச் சரியாக நேர்கீழே வந்து நிற்கும்படி இடம் விட்டு அடித்தேன். துரை கையெழுத்துப் போட்டுவிட்டு, நல்ல வேலை என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். அதற்காக நான் அவர்மேல் வருத்தப்படவில்லை.

எண் சரியாக இருந்தது. அவர்கள் தேடிய எஞ்சின் அதுதான்.

அடுத்த வருடம் தொடக்கத்தில் அதை லாரியில் ஏற்றி மலாக்காத் துறைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் துறையில் ஆழம் கிடையாது, கப்பல் தூரத்தில்தான் நிற்கும். சாமானெல்லாம் தொங்காங் என்கிற சரக்குப் படகில் ஏற்றித்தான் போக வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தேன். எஞ்சினைச் சாக்கில் சுற்றிப் பலகை அடித்திருந்தார்கள். எட்டுப் பேர் உருளைக் கட்டை வைத்துத் தள்ளினார்கள். தொங்காங்கில் இறங்கியபோது படகு ஒரு பக்கம் தாழ்ந்து பிறகு நிமிர்ந்தது. டிராக்டர்காரரும் லாரியோடு வந்திருந்தார்.

"அங்க குளிருமாமே அண்ணி. யாரு ஸ்டார்ட் பண்ணுவாங்க?"

"ஓட்ட மாட்டாங்க. சும்மா நிறுத்தி வைப்பாங்க. ஜனங்க வந்து பாக்குறதுக்கு."

அவர் அதை யோசித்தார். "எத?" என்றார்.

தொங்காங் வெளியே போய்ச் சின்னதாகும் வரை நின்றோம். ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். பசிதான் தோன்றியது. தமிழ் முஸ்லிம் நடத்துகிற மாமாக் கடையில் அவருக்கும் எனக்கும் ரொட்டி சொன்னேன். விதவை அப்படிக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் பார்த்தார்கள். ஒன்றரை மணிக்கு ஆபீசுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அங்கிருந்து இரண்டு கடிதம் வந்தது. முதலாவது, ஒரு சந்தேகம். இருக்கையின் மேல் ரப்பர்த் துண்டு ஒன்று இருக்கிறது, அது எஞ்சினோடு வந்ததா, பின்னால் சேர்த்ததா என்று கேட்டிருந்தார்கள். பழைய துரை ஊருக்குப் போய்விட்டிருந்தார். புதிதாக வந்தவருக்கு இதெல்லாம் தெரியாது. நீயே எழுதிவிடு என்றார்.

பெரிய கிராணி என் மேசைக்கு வந்தார். "பிள்ளை, அதோட வந்தது எண்டு எழுதினால் அப்பிடியே விட்டு வைப்பினம். ஆருக்குத் தெரியப்போகுது?"

அவர் அப்படி ஒரு யோசனை சொன்னது அந்த ஒரு தடவைதான். நான் மெஷினில் தாளைச் சொருகினேன். பிறகு உள்ளதை அடித்தேன். அது எஞ்சினோடு வந்ததல்ல, கடைசி டிரைவர் தோட்டத்து ரப்பரில் தன் சௌகரியத்துக்கு வெட்டிப் போட்டது. பெரிய கிராணி படித்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினார். அதை ஏதோ ஒரு தொழிற்சாலைக்காரன் செய்ததாக எழுத எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு அதுகூடத் தெளிவாகத் தெரியாது. உண்மையை எழுதினால் வேலை சீக்கிரம் முடியும் என்றுதான் இருந்தது.

இரண்டாவது கடிதத்தில் ஒரு போட்டோவும் இருந்தது. ஒரு பெரிய அறையில், கொஞ்சம் தண்டவாளத்தின் மேல், கயிறு கட்டிய வேலிக்குள் எஞ்சின் நிற்கிறது. பச்சை பூசியிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் போட்டோ, அதனால் பச்சை தெரியவில்லை. இருக்கை வெறும் இரும்பாக இருந்தது. ரப்பர்த் துண்டை எடுத்து எண் கட்டி, டிரைவர் பெயரும் எழுதி, ஓர் இழுப்பறையில் வைத்திருக்கிறோம், அது பார்வையாளர்களுக்கு இல்லை, ஆனால் எறியமாட்டோம் என்று கடைசி வரியில் இருந்தது. அந்த ஆள் அவ்வளவு தூரம் எழுத வேண்டிய அவசியமில்லை. யாருக்கு எழுதுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று பிற்பாடு நினைத்ததுண்டு.

பெரிய கிராணி போட்டோவை என்னிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆபீஸ் ஃபைலில் இருப்பதுதான் முறை என்று கோத்துவிட்டேன். மனசு மரத்துக் கிடந்தது எப்போது விட்டது என்று என்னிடம் கேட்டால் சொல்லத் தெரியாது. கால் மரத்தால் எழுந்து உதறிக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. ஒரு வருடம் தீபாவளிக்கு முறுக்குச் சுட்டேன். வேறொரு நாள் பக்கத்து வீட்டம்மாள் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சத்தமாகச் சிரித்தேன். அப்படித்தான்.

சில வருடத்தில் கம்பெனி தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றது. தண்டவாளத்தைப் பிடுங்கி எடை போட்டுக் கொடுத்தார்கள். லயத்துக்காரர்கள் திசைக்கு ஒருவராகப் போனார்கள். டிராக்டர்காரருக்கு டவுனில் குப்பை லாரி ஓட்டுகிற வேலை கிடைத்தது, அவர் பெண்சாதி பிள்ளைகளோடு புக்கிட் பாரு பக்கம் வந்துவிட்டார். ஆபீசை மூடுவதற்கு முந்தின வாரம் ஃபைல்களை இரண்டாகப் பிரித்தோம், வைக்க வேண்டியது, எரிக்க வேண்டியது. எஞ்சின் ஃபைல் எதில் போயிற்று என்று நான் பார்க்கவில்லை. பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஏறினார். எனக்குப் பெண்டஹாரா சாலையில், ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த டைப்பிங் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்தது. எட்டு மெஷின், மூன்று சரியாக வேலை செய்யாது. முதல் நாள் பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். விரல்களை எந்த எழுத்தின் மேல் வைக்க வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.